எதிர்ப்பு சக்தியை ஏற்றுவதா, அடக்குவதா? கொரோனா வார்டுகளில் நடந்த மருந்து சோதனைகள் சொன்னது என்ன?

மழைக்காலம் தொடங்கினால் போதும். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், மேடவாக்கம் பக்கம் எந்த கிளினிக் வாசலிலும் செருப்பு வைக்க இடம் இருக்காது. காய்ச்சல், இருமல், உடம்புவலி. ஃப்ளூவா, கொரோனாவா, வேறு வைரஸா என்று பார்ப்பதற்குள் வீட்டில் இரண்டு பேருக்குத் தொற்றிவிடும்.

இந்த நேரத்தில் மெடிக்கல் ஷாப்பில் இரண்டு விதமான பேச்சைக் கேட்கலாம். "எதிர்ப்பு சக்தி ஏற ஏதாவது குடுங்க" என்பது ஒன்று. "போன தடவை டாக்டர் எழுதின அந்த ஸ்டீராய்டு மாத்திரை இருக்கா, அதுல உடனே சரியாயிடுச்சு" என்பது இன்னொன்று. சில சமயம் ஒரே ஆள் இரண்டையும் கேட்பார்.

இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. முதலாவது எதிர்ப்பு சக்தியைத் தூண்டுவதற்கு. ஸ்டீராய்டு அதை அடக்குவதற்கு. அப்போ வைரஸ் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் சேர்ந்த ஒருவருக்கு எது தேவை? கொரோனா காலத்தில் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் சோதித்துத்தான் இதற்குப் பதில் கிடைத்தது. அந்தச் சோதனைகளில் சென்னைக்கும் பங்கு உண்டு.

நம்ம உடம்பே நமக்கு எதிரியா?

கொரோனா தொற்றிய முதல் வாரத்தில் பிரச்னை செய்வது பெரும்பாலும் வைரஸ்தான். அது பெருகுகிறது, உடம்பு அதை எதிர்க்கிறது. பலருக்கு இந்தச் சண்டை காய்ச்சலோடு முடிந்துவிடும்.

சிலருக்கு இரண்டாவது வாரத்தில் கதை மாறும். வைரஸ் குறைய ஆரம்பித்தாலும் எதிர்ப்பு மண்டலம் அடங்காது. இன்டர்லூகின்-6 மாதிரியான தூது ரசாயனங்கள் ரத்தத்தில் எகிறும். நுரையீரலின் மெல்லிய காற்றறைகளில் அழற்சி ஏற்பட்டு நீர் கோத்துக்கொள்ளும். ஆக்சிஜன் அளவு 93, 90, 88 என்று இறங்கும். வைரஸ் செய்த சேதத்தோடு, வைரஸை விரட்ட வந்த படை செய்த சேதமும் சேர்ந்துகொள்கிறது.

இந்தக் கட்டத்தில் எதிர்ப்பு மண்டலத்தை முறைப்படுத்தும் மருந்துகள்தான் நாம் பேசப்போவது. டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, டோசிலிசுமாப் ஊசி, பாரிசிடினிப் மாத்திரை, குணமானவர்களிடம் எடுக்கும் பிளாஸ்மா எல்லாம் இதில் வரும். சில மருந்துகள் அடக்கும். பிளாஸ்மா மாதிரி சில, இன்னொருவரின் எதிர்ப்பு சக்தியைக் கடன் வாங்கித் தரும்.

கேட்க எல்லாமே சரியாகத்தான் தெரியும். "அழற்சி அதிகம், அடக்கினால் சரியாகும்." "உடம்பில் ஆன்டிபாடி இல்லை, வெளியிலிருந்து ஏற்றினால் சரியாகும்." சிக்கல் இங்கேதான். அழற்சியை அடக்கினால் வைரஸ் மறுபடி தலைதூக்கலாம், பாக்டீரியாவும் பூஞ்சையும் உள்ளே வரலாம். எது நடக்கும் என்பதை யோசித்துச் சொல்ல முடியாது, சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

"எனக்குத் தெரிஞ்சவர் பிழைச்சாரே!"

மருந்து சோதனை பற்றிப் பேசினாலே வரும் கேள்வி இது. "எங்க மாமாவுக்குப் பிளாஸ்மா ஏத்தினாங்க, பிழைச்சுட்டார். அப்புறம் என்ன சோதனை?"

மாமா பிழைத்தது உண்மை. பிளாஸ்மா இல்லாமலும் பிழைத்திருப்பாரா என்பதுதான் கேள்வி. அதை அவர் ஒருவரை வைத்துச் சொல்லவே முடியாது. அவரைப் போன்ற நூறு பேருக்கு மருந்து கொடுத்து, அதே மாதிரி இன்னொரு நூறு பேருக்குக் கொடுக்காமல், இரு பக்கமும் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று எண்ண வேண்டும்.

யாருக்கு மருந்து, யாருக்கு இல்லை என்பதை டாக்டர் முடிவு செய்யக் கூடாது. நோயாளியும் முடிவு செய்யக் கூடாது. கம்ப்யூட்டர் குலுக்கல்தான் முடிவு செய்யும். ஏன் என்பதற்கு நம்ம ஊர் உதாரணம் ஒன்று.

2015 வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் படகில் போய் ஆட்களை மீட்டார்கள். படகு போன தெருக்களையும் போகாத தெருக்களையும் ஒப்பிட்டால், படகு போன தெருவில்தான் வீடுகள் அதிகம் சேதமாகியிருக்கும். அப்போ சேதத்துக்குப் படகா காரணம்? தண்ணீர் அதிகம் நின்ற தெருவுக்குத்தான் படகு போனது. மருந்தும் அப்படித்தான். மோசமான நிலையில் இருப்பவருக்குத்தான் டாக்டர் ஸ்டீராய்டு போடுவார். பிறகு கணக்கெடுத்தால், ஸ்டீராய்டு போட்டவர்களில் இறந்தவர்கள் அதிகமாகத் தெரியும். குலுக்கல் இந்தக் குழப்பத்தை அடைத்துவிடுகிறது.

சென்னைக்கு இது புதுசு இல்லை

தாம்பரத்துக்கும் நுரையீரல் நோய்க்கும் உள்ள உறவு நூறு வருஷத்தை நெருங்குகிறது. டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928-ல் இங்கே காசநோய் சானடோரியத்தைத் தொடங்கினார். 1937-ல் அது அரசிடம் போனது. ரயில் நிலையத்தின் பெயரே "தாம்பரம் சானடோரியம்" ஆகிவிட்டது. அந்த இடம்தான் இன்றைய அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. கொரோனா காலத்தில் தென்சென்னை புறநகர் மக்கள் பலர் அனுமதிக்கப்பட்டதும் இங்கேதான்.

அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் தங்க வேண்டும், நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு வேண்டும் என்பது உலகம் முழுக்க இருந்த நம்பிக்கை. அதைக் குலுக்கல் முறையில் சோதித்துப் பார்த்தது சென்னை. 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்து சிகிச்சை மையம், 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்கு வீட்டிலேயே மாத்திரை. மறு பாதிக்கு சானடோரியத்தில் சிகிச்சை. சானடோரியத்தில் சாப்பாடும் ஓய்வும் பல மடங்கு நன்றாக இருந்தன. ஆனாலும் ஒரு வருஷ முடிவில் இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே பலன். வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்குத் தொற்று கூடுதலாகப் பரவவும் இல்லை.

1959-ல் வெளியான இந்த முடிவு உலகின் காசநோய் சிகிச்சையையே திருப்பிப் போட்டது. அந்த மையம்தான் இப்போதைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். எல்லோரும் நிச்சயம் என்று நினைத்த விஷயம் குலுக்கலுக்குப் பிறகு தலைகீழாகலாம் என்பதற்கு இதைவிடப் பக்கத்து ஊர் உதாரணம் தேவையில்லை.

பிளாஸ்மா: பெரிய நம்பிக்கை, பலன் இல்லை

2020 ஏப்ரல், மே மாதங்களில் வாட்ஸ்அப்பைத் திறந்தால் "பிளாஸ்மா தேவை" என்ற மெசேஜ்தான். தமிழ்நாட்டில் அந்த ஜூலையில் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் பிளாஸ்மா வங்கியே திறக்கப்பட்டது.

அதே நேரம் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், அதாவது ஐ.சி.எம்.ஆர், ஒரு சோதனையைச் சத்தமில்லாமல் நடத்தி முடித்திருந்தது. பெயர் 'பிளாசிட்'. 39 மருத்துவமனைகள், மிதமான பாதிப்புள்ள 464 நோயாளிகள். 2020 ஏப்ரல் 22-ல் தொடங்கி ஜூலை 14-க்குள் ஆட்சேர்ப்பு முடிந்தது. பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சையோடு தலா 200 மில்லி பிளாஸ்மா, 24 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை. மீதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். சென்னை அயப்பாக்கத்தில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளரும் இந்த ஆய்வை நடத்தியவர்களில் ஒருவர்.

முடிவு? நோய் முற்றியவர்கள் அல்லது இறந்தவர்கள் பிளாஸ்மா பக்கம் 19 சதவீதம், பிளாஸ்மா இல்லாத பக்கம் 18 சதவீதம். வித்தியாசமே இல்லை என்று அர்த்தம்.

இந்த முடிவு வந்த பிறகும் பிளாஸ்மா தேடுவது நிற்கவில்லை. 2021-ல் பிரிட்டனின் 'ரெகவரி' சோதனை, 11,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் பார்த்துவிட்டு அதையே சொன்னது. இரு பக்கமும் இறப்பு 24 சதவீதம். கடைசியில் 2021 மே 17 அன்றுதான் இந்திய சிகிச்சை வழிகாட்டுதலிலிருந்து பிளாஸ்மா நீக்கப்பட்டது. இடையில் இரண்டாவது அலையின் உச்சமே வந்துவிட்டது. கையில் முடிவு இருந்தும், அப்பாவை வார்டில் விட்டுவிட்டு டோனரைத் தேடி எத்தனை மகன்கள் ராத்திரி பைக்கில் அலைந்திருப்பார்கள்!

மலிவான ஊசி, பெரிய பலன்

டெக்சாமெத்தசோன் கதை நேர் எதிர். 1950-களிலிருந்து இருக்கும் பழைய மருந்து. ஒரு ஊசிக்குச் சில ரூபாய்தான். பெரிய கம்பெனி விளம்பரம் எதுவும் கிடையாது. கொரோனாவில் இதைக் கொடுக்கலாமா என்பதில் மருத்துவர்களே இரண்டு அணியாக இருந்தார்கள். அடக்கினால் வைரஸ் பெருகும் என்று ஓர் அணி. அடக்காவிட்டால் நுரையீரல் போய்விடும் என்று இன்னோர் அணி.

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் நடத்திய ரெகவரி சோதனையில் 2,104 பேருக்குத் தினமும் 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள் கொடுத்தார்கள். 4,321 பேருக்குக் கொடுக்கவில்லை. 2020 ஜூன் 16 அன்று முடிவு வெளியானது. அதைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள்.

வென்டிலேட்டரில் இருந்தவர்களில், மருந்து இல்லாமல் நூற்றுக்கு 41 பேர் இறந்தார்கள். மருந்தோடு 29 பேர். ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களில் 26 பேர், மருந்தோடு 23 பேர். ஆக்சிஜனே தேவைப்படாதவர்களில்? மருந்து இல்லாமல் 14 பேர், மருந்தோடு 18 பேர். கடைசி வித்தியாசம் கெடுதல் என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. ஆனால் பலன் இல்லை என்பது தெளிவு. கணக்கு தவறான பக்கம்தான் சாய்ந்தது.

ஒரே மருந்து, ஒரே வைரஸ். ஆக்சிஜன் இறங்கியவருக்கு உயிர் காத்தது. இறங்காதவருக்கு உதவவில்லை. இந்தியா 2020 ஜூன் 27-ல் இதைத் தன் சிகிச்சை வழிகாட்டுதலில் சேர்த்தது.

2021 ஏப்ரல், மே நினைவிருக்கும். ரெம்டெசிவிர் மருந்துக்காகக் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் விடிய விடிய வரிசை. ரெம்டெசிவிர் வைரஸை எதிர்க்கும் மருந்து. உலக சுகாதார அமைப்பின் 'சாலிடாரிட்டி' சோதனையில் இந்தியாவும் இருந்தது. அது இறப்பைக் குறிப்பிடும்படி குறைக்கவில்லை என்று 2020 அக்டோபரிலேயே முடிவு வந்துவிட்டது. அதே சோதனையில் இருந்த இன்டர்ஃபெரான் என்ற எதிர்ப்பு மண்டல மருந்தும் தேறவில்லை. உயிரைக் காத்த மருந்து அந்த வரிசையில் நின்றவர்களின் சீட்டிலேயே, சில ரூபாய் விலையில், ஏற்கனவே எழுதப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

சரி, டோஸை ஏற்றினால் இன்னும் நல்லதா?

6 மில்லிகிராம் நல்லது என்றால் 12 இன்னும் நல்லதுதானே? இதையும் சோதித்தார்கள். இங்கேதான் சென்னை மறுபடி வருகிறது.

'கோவிட் ஸ்டீராய்டு 2' என்ற சோதனை டென்மார்க், ஸ்வீடன், ஸ்விட்சர்லாந்து, இந்தியா ஆகிய நாடுகளின் 26 மருத்துவமனைகளில் நடந்தது. 1,000 நோயாளிகள். நிமிடத்துக்குக் குறைந்தது 10 லிட்டர் ஆக்சிஜன் அல்லது வென்டிலேட்டர் தேவைப்பட்ட, மிக மோசமான நிலையில் இருந்தவர்கள். இந்தியப் பகுதியை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் சென்னையைச் சேர்ந்த தீவிர சிகிச்சை மருத்துவர் பரத்குமார் விஜயராகவன். யாருக்கு 6, யாருக்கு 12 என்பது நோயாளிக்கும் தெரியாது, சிகிச்சை தந்த டாக்டருக்கும் தெரியாது.

28 நாளில் 12 மில்லிகிராம் பக்கம் 27 சதவீதம் பேர் இறந்தார்கள், 6 மில்லிகிராம் பக்கம் 32 சதவீதம். பார்த்தால் 12 ஜெயித்த மாதிரி இருக்கிறது இல்லையா? ஆனால் இந்த அளவு வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடியது என்பதால், உறுதியாகச் சொல்ல முடியாது என்றே ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2021 அக்டோபரில் வெளியான அந்த நேர்மையான வரி, பல டிவி விவாதங்களைவிட மதிப்புள்ளது (நாங்களும் டிவிதான், இருந்தாலும் சொல்கிறோம்).

பிறகு ரெகவரி சோதனை இன்னும் ஏற்றிப் பார்த்தது. 5 நாள் 20 மில்லிகிராம், அடுத்த 5 நாள் 10 மில்லிகிராம். சாதாரண ஆக்சிஜனில் இருந்த நோயாளிகளிடம் இறப்பு 12 சதவீதத்திலிருந்து 19 சதவீதமாக எகிறியது. கண்காணிப்புக் குழு தலையிட்டதால், 2022 மே மாதம் அந்தப் பிரிவு நோயாளிகளுக்கு உயர் டோஸ் கொடுப்பது நிறுத்தப்பட்டது.

ஒரே மருந்தின் கணக்கு எவ்வளவு நுணுக்கமானது பாருங்கள். ஆக்சிஜன் தேவையில்லையா, வேண்டாம். தேவையா, சின்ன டோஸ். அதையே ஏற்றினால் ஆபத்து.

வீட்டிலேயே ஸ்டீராய்டு போட்டால்?

இரண்டாவது அலையில் "கொரோனா கிட்" என்ற பெயரில் மருந்துச் சீட்டுகள் வாட்ஸ்அப்பில் சுற்றின. சிலவற்றில் முதல் நாளிலிருந்தே ஸ்டீராய்டு இருந்தது. ஆக்சிஜன் 98 இருந்தவர்களும் சாப்பிட்டார்கள். ஸ்டீராய்டு சர்க்கரையைத் தூக்கிவிடும். எதிர்ப்பைக் குறைக்கும். நம்ம ஊரில் சர்க்கரை இல்லாத வீடு எத்தனை இருக்கு?

2021 மே மாதம் கருப்புப் பூஞ்சை நோய் பரவியபோது, தமிழ்நாடு அரசு அதை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. அந்த ஜூலையில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கு, நாடு முழுக்க 45,000-க்கும் மேல். கட்டுப்பாடில்லாத சர்க்கரையும், தேவையில்லாமலோ அளவுக்கு மீறியோ எடுத்த ஸ்டீராய்டும் முக்கியக் காரணங்கள் என்று மருத்துவர்கள் சுட்டிக்காட்டினார்கள். கண்ணை எடுக்க வேண்டி வந்தவர்கள் உண்டு.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஆஸ்துமாவுக்கு டாக்டர் தந்த இன்ஹேலரிலும் ஸ்டீராய்டு இருக்கும். அது வேறு கணக்கு. இதைப் படித்துவிட்டு அதை நிறுத்தாதீர்கள். வேறு நோய்க்காக மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களும் திடீரென்று நிறுத்தக் கூடாது.

40 ஆயிரம் ரூபாய் ஊசியும் 30 பேர் சோதனையும்

டோசிலிசுமாப் என்பது மூட்டுவாத நோய்க்கான மருந்து. இன்டர்லூகின்-6 வேலையை மட்டும் குறிபார்த்துத் தடுக்கும். 2021-ல் ஒரு குப்பி சுமார் 40 ஆயிரம் ரூபாய். அதுவும் கிடைக்காமல் கள்ளச்சந்தையில் பல மடங்கு விலைக்குப் போனது.

இந்தியாவில் 12 மருத்துவமனைகளில் 180 நோயாளிகளிடம் இதைச் சோதித்த 'கோவின்டாக்' ஆய்வு 2021 மார்ச்சில் வெளியானது. நோய் முற்றியவர்கள் மருந்து பக்கம் 9 சதவீதம், மற்ற பக்கம் 13 சதவீதம். பலன் நிரூபணம் ஆகவில்லை என்றது ஆய்வு. ஆனால் ரெகவரி சோதனை 4,116 பேரிடம் பார்த்து, இறப்பு 35-லிருந்து 31 சதவீதமாகக் குறைகிறது என்று சொன்னது.

யார் சொல்வது சரி? இரண்டும் மோதவில்லை. நூற்றுக்கு நான்கு உயிர் என்பது உண்மையான பலன். ஆனால் 180 பேரை வைத்து அந்த நான்கைத் தற்செயலிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. காசைப் பத்து முறை சுண்டினால் ஏழு தலை விழலாம், காசு கோணல் என்று சொல்லிவிட முடியாது. ஆயிரம் முறை சுண்டி 700 தலை விழுந்தால் சொல்லலாம். இன்னொன்றும் இருக்கிறது. ரெகவரியில் இந்த ஊசி எல்லோருக்கும் இல்லை. ஆக்சிஜன் இறங்கி, ரத்தத்தில் அழற்சி அளவும் உயர்ந்தவர்களுக்குத்தான். பெரும்பாலானோர் ஸ்டீராய்டும் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது இட்டோலிசுமாப் கதைக்கு வாருங்கள். பெங்களூரு பயோகான் நிறுவனத்தின் சொரியாசிஸ் மருந்து. 2020 ஜூலையில் இதற்கு அவசரகால அனுமதி தரப்பட்டது. ஆதாரமாக இருந்த சோதனையில் மொத்தம் 30 பேர். 20 பேருக்கு மருந்து, 10 பேருக்கு இல்லை. இல்லாத பக்கம் மூன்று பேர் இறந்தார்கள், மருந்து பக்கம் யாரும் இறக்கவில்லை. டிவியில் தலைப்பாக ஓட்ட அருமையான செய்தி. ஆனால் பத்து பேரில் மூன்று என்பது சுண்டிய காசு கணக்குதான். தேசிய சிகிச்சை வழிகாட்டுதலில் இந்த மருந்து சேர்க்கப்படவில்லை. அனுமதி கிடைப்பதும், பலன் நிரூபணமாவதும் ஒன்றல்ல என்பது இதில் தெரியும்.

பாரிசிடினிப் மாத்திரை தேறியது. 8,000-க்கும் மேற்பட்டோரிடம் ரெகவரி பார்த்ததில் இறப்பு 14-லிருந்து 12 சதவீதமானது. சின்ன வித்தியாசம்தான், ஆனால் ஸ்டீராய்டின் பலனுக்கு மேல் கிடைத்தது.

கபசுர குடிநீர்?

தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருப்பதால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. கபசுர குடிநீரும் குலுக்கல் முறையில் சோதிக்கப்பட்டிருக்கிறது. ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் நடந்த ஓர் ஆய்வில், வைட்டமின் சி மற்றும் துத்தநாக மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். அதில் இருந்தவர்கள் 60 பேர், தொற்று இருந்தும் அறிகுறி இல்லாதவர்கள். மூச்சுத்திணறி ஆக்சிஜன் படுக்கையில் இருப்பவருக்கு என்ன ஆகும் என்பதற்கு அந்த ஆய்வில் பதில் தேட முடியாது. சித்தாவோ அலோபதியோ, கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: எந்த நிலையில் இருந்த, எத்தனை பேரிடம் பார்த்தீர்கள்?

"எங்க அப்பாவை வெச்சு சோதனை பண்றாங்களா?"

வார்டில் ஒரு டாக்டர் படிவத்தை நீட்டி "ஒரு ஆய்வில் சேருகிறீர்களா" என்று கேட்டால் முதலில் பயம்தான் வரும். நியாயமான பயம். அதனால் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

இந்தியாவில் புதிய மருந்து சோதனைகள் 2019-ம் ஆண்டு விதிகளின் கீழ் வருகின்றன. நெறிமுறைக் குழு அனுமதி இல்லாமல் தொடங்க முடியாது. முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே இந்திய மருத்துவ சோதனைப் பதிவேட்டில் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவேடு இணையத்தில் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. உங்களிடம் சொல்லும் சோதனையின் பதிவு எண்ணைக் கேட்டு, போனிலேயே தேடிப் பார்க்கலாம்.

ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். ஆங்கிலப் படிவத்தை நீட்டி "இங்க ஒரு கையெழுத்து" என்றால் போடாதீர்கள், தமிழில் கேளுங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வோடு சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் உடனிருந்து படித்துக் காட்டுவதைப் பார்க்க வேண்டும். நோயாளி மயக்கத்தில் இருந்தால் சட்டப்படி அவர் சார்பில் முடிவெடுக்கக் கூடிய உறவினர் கையெழுத்திடலாம்.

எப்போது வேண்டுமானாலும் விலகலாம். விலகினால் வழக்கமான சிகிச்சை குறையக் கூடாது. சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சை, அது சோதனையால் வந்தது என்று உறுதியானால் இழப்பீடு. நெறிமுறைக் குழுவைத் தொடர்புகொள்ளும் விவரம் உங்களிடம் தரும் தாளிலேயே இருக்க வேண்டும்.

கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி உண்டு: "குலுக்கலில் மருந்து விழாத பக்கம் போனால் அப்பாவுக்கு என்ன கிடைக்கும்?" ஆக்சிஜன், ஆன்டிபயாடிக், கண்காணிப்பு என்று அன்றைக்கு நிரூபணமான சிகிச்சை எல்லாம் கிடைக்கும் என்பதே சரியான பதில். பிளாஸ்மா, டெக்சாமெத்தசோன் இரண்டையும் யோசித்துப் பாருங்கள். குலுக்கலில் மருந்து விழுவது அதிர்ஷ்டமா இல்லையா என்பது சோதனை முடியும்வரை யாருக்குமே தெரியாது.

அடுத்த கேள்வி: ஃப்ளூவுக்கு ஸ்டீராய்டு?

கொரோனாவில் பார்த்ததை அப்படியே ஃப்ளூவுக்கும் பொருத்தலாமா? முடியாது. இன்ஃப்ளூயன்சா வேறு வைரஸ். ஸ்டீராய்டு போட்ட ஃப்ளூ நோயாளிகளில் இறப்பு அதிகம் என்று பழைய ஆய்வுகள் காட்டின. ஆனால் அவை பெரும்பாலும் குலுக்கல் இல்லாத ஆய்வுகள். படகு போன தெரு கதைதான். உலக சுகாதார அமைப்பு 2024-ல் வெளியிட்ட இன்ஃப்ளூயன்சா வழிகாட்டுதலும், தீவிர ஃப்ளூவுக்காக மட்டும் ஸ்டீராய்டு கொடுப்பதைப் பரிந்துரைக்கவில்லை. ஓசெல்டமிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைத்தான் முன்வைக்கிறது.

ரெகவரி குழு இப்போது அதே பழைய, மலிவான டெக்சாமெத்தசோனை, ஃப்ளூவோடு ஆக்சிஜன் இறங்கி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களிடம் குலுக்கல் முறையில் பார்க்க இறங்கியிருக்கிறது. 'ரீமேப்-கேப்' என்ற இன்னொரு பன்னாட்டுச் சோதனையும் ஃப்ளூ நோயாளிகளிடம் எதிர்ப்பு மண்டல மருந்துகளைச் சோதிக்கிறது. இவை ஒரு மருந்துக்கு ஒரு சோதனை என்ற பாணி இல்லை. ஒரே கட்டமைப்பில் பல மருந்துகள் ஒரே நேரத்தில் ஓடும். தேறாததை நிறுத்திவிட்டு, வரிசையில் அடுத்ததைச் சேர்ப்பார்கள். புது வைரஸ் வந்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

அதுவரை வீட்டில் யாருக்காவது காய்ச்சல், இருமல் என்றால் பல்ஸ் ஆக்சிமீட்டரை எடுத்து விரலில் மாட்டுங்கள். 94-க்குக் கீழே போனாலோ, மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, பெரியவர்கள் குழம்பிப் பேசினாலோ மெடிக்கல் ஷாப்புக்குப் போகாதீர்கள். 108-க்கு போன் செய்யுங்கள்.